சும்மா பாக்கப் போறன்

கோப்பாயில் ஒருவர் வெளிநாடு போகிறார் எண்டால் முதலில் வரும் கேள்வி "என்னத்துக்கு?" எங்கே என்பது அதற்குப் பிறகுதான். நாங்கள் ஏற்றுக்கொள்ளும் பதில்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. படிக்க, வேலைக்கு, கலியாணத்துக்கு, அக்காவின் பிள்ளைப்பேறு பார்க்க, கண் ஒப்பரேசனுக்கு மதுரைக்கு, நேர்த்திக்கு வேளாங்கண்ணிக்கோ சிதம்பரத்துக்கோ. ஒரு காலத்தில் உயிர் தப்ப. "சும்மா பாக்கப் போறன்" என்ற பதிலுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. அதையே ஒரு பெண்பிள்ளை, தனிய, "சின்ன வயசில வாசிச்ச கதையில வந்த இடங்களைப் பாக்கப் போறன்" எண்டு சொன்னால் வீட்டில் என்ன கூத்து நடக்கும் எண்டு உங்களுக்கே தெரியும்.

2025 ஆடியில் நான் அப்படித்தான் சொல்லிவிட்டு, காங்கேசன்துறையில் கப்பலேறி எட்டு நாள் சோழநாட்டில் திரிந்துவிட்டு வந்தேன். கையில் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. அந்தக் காரணம் போதுமான காரணம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் புத்தகம். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டினதுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு பின்னேரம் என்றால் ஊரடங்கு. வெளியில் போகேலாது, பொழுதும் போகாது. எங்கட சனசமூக நிலைய வாசிகசாலையில் அட்டை பிய்ந்த பொன்னியின் செல்வன் இருந்தது. ஐந்து பாகத்தில் நாலுதான். இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' எப்பவோ ஆரோ எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை. 'புது வெள்ளம்' முடிந்தவுடன் நேரே 'கொலை வாள்'. நடுவில் வந்தியத்தேவன் கடல் கடந்து எங்கேயோ போய் வந்திருக்கிறான் எண்டு மட்டும் விளங்கியது. சந்திக்குப் போகவே அனுமதி கேட்கவேண்டிய வயதில் வீராணத்திலிருந்து குடந்தை, பழையாறை, தஞ்சாவூர், கோடிக்கரை என்று வழி எனக்கு மனப்பாடம்.

இது எனக்கு மட்டும் நடந்த கதையில்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த கதை இது. அதற்குப் பிறகு பைண்ட் செய்த தொகுப்பாகவும், நாட்டுடைமையான பிறகு மலிவுப் பதிப்புகளாகவும் தமிழ் வாசிக்கிற வீடுகளுக்குள் எல்லாம் புகுந்தது. எங்கட அம்மம்மாமார் வாசித்தார்கள், அம்மாமார் வாசித்தார்கள். ஆனால் "அந்த இடங்களைப் போய்ப் பாப்பம்" எண்டு வெளிக்கிட்டவர்கள் எத்தனை பேர்? தடை கடல் மட்டும் இல்லை. கதை என்பது பொழுதுபோக்கு, பயணம் என்பது செலவு, ஒன்றுக்காக மற்றதைச் செய்வது விசர் என்ற எண்ணமும்தான்.

உலகத்தில் மற்றவர்கள் அப்படி நினைக்கவில்லை. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்கு ஒவ்வொரு வருசமும் யப்பானியர் போகிறார்கள். காரணம் 'ஆன் ஒஃப் கிரீன் கேபிள்ஸ்' என்ற சிறுவர் நாவல். 1952இல் யப்பானிய மொழிக்கு வந்த அந்தப் புத்தகத்தை வாசித்து வளர்ந்த பெண்கள், கதையில் வரும் பச்சைக்கூரை வீட்டைப் பார்க்க உலகத்தின் மற்றப் பக்கத்துக்குப் பறக்கிறார்கள். அவர்களை ஒருவரும் விசரிகள் என்பதில்லை. ஏன், கல்கியே இந்தக் கதைக்காக ஓவியர் மணியத்தைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்கு வந்து இடங்களைப் பார்த்தவர்தான். எழுதுகிறவர் இங்கே வந்து பார்க்கலாமெண்டால் வாசிக்கிறவள் அங்கே போய்ப் பார்த்தால் என்ன?

கடல் விசயத்தில் காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் கப்பல் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு திரும்பவும் ஆரம்பித்தது. காலநிலை சரியெண்டால் நாலு மணித்தியாலம். கோப்பாயிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போக அதைவிட நேரம் எடுக்கும்.

நான் நாள் பார்த்துத்தான் போனேன். கதை ஆடிப்பெருக்கில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வந்து, 74 மதகுகளையும் எண்ணிப் பார்த்து வியக்கிறான். அதே ஆடி 18இல் வீராணத்தில் நிற்கவேண்டும் என்பதுதான் திட்டம்.

இதில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மட்டுமே விளங்கும் ஒரு விசயம் இருக்கிறது. குடாநாட்டில் ஆறில்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். மற்றபடி சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழே நிற்கும் தண்ணியைக் கிணறு வெட்டி எடுத்துத்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். எங்கட ஆடியில் முக்கியம் ஆடிப்பிறப்பு. கூழும் கொழுக்கட்டையும் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருப்போம். ஆற்றில் புதுத் தண்ணி வருவதை ஊர் கூடி வரவேற்கிற ஆடிப்பெருக்கு எங்களுக்கு வாசித்து மட்டுமே தெரிந்த கொண்டாட்டம். 'புது வெள்ளம்' என்ற தலைப்பைப் பார்த்து, மாரியில் வயல் வெளியை மூடுகிற வெள்ளத்தைத்தான் சின்ன வயசில் நான் நினைத்தேன்.

வீராணம் நான் நினைத்ததை விடப் பெரிது. ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணி, மற்றப் பக்கம் பள்ளத்தில் வயல், நடுவில் அணைக்கட்டில் ஓடும் றோட்டு. குதிரைக்குப் பதிலாகத் தனியார் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு பறக்கின்றன. கரையில் குடும்பம் குடும்பமாக இருந்து எலுமிச்சஞ்சாதமும் தேங்காய்ச்சாதமும் சாப்பிட்டார்கள். 2004 முதல் இந்த ஏரித் தண்ணி 200 கிலோமீற்றருக்கு மேல் குழாயில் போய்ச் சென்னையில் குடிதண்ணி ஆகிறது. கல்கி எழுதும்போது இல்லாத செய்தி. எனக்கு அது கதைக்குக் குறுக்காக வந்து விழவில்லை. பராந்தகன் காலத்து ஏரி இன்னும் வேலைசெய்கிறது என்பதே கதையை விடப் பெரிய விசயமாகப் பட்டது.

ஒரு அம்மா என் கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டு, "எந்த ஊரும்மா? கேரளாவா?" எண்டா. எங்கட தமிழுக்கு அங்கே கிடைக்கும் முதல் மரியாதை அது. "இல்லை அம்மா, யாழ்ப்பாணம்." "சிலோனா! எந்த முகாம்ல இருக்கீங்க?" முகாமில்லை, சுத்திப் பாக்க வந்தனான் எண்டேன். அவ என்னை ஒருக்கால் மேலும் கீழும் பார்த்தா. "சுத்திப் பாக்கவா? அங்கேர்ந்தா? தனியாவா?"

எட்டு நாளும் இந்த மூன்று கேள்வியும் என்னோடு வந்தன. அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. 1983க்குப் பிறகு எங்கட சனம் அகதிகளாகத்தான் அந்தக் கரையில் போய் இறங்கியது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் நூறுக்கு மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். இலங்கைத் தமிழர் எண்டால் ஒன்றில் இரங்கவேண்டியவர், இல்லாட்டில் சந்தேகப்படவேண்டியவர். சும்மா வந்து கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் குடித்துவிட்டுப் போகிற இலங்கைத் தமிழச்சியை அவர்கள் கண்டதில்லை. நாங்களும் அப்படி எங்களைக் கண்டதில்லை. எங்களுக்குள் இருக்கும் "என்னத்துக்கு?" என்ற கேள்வியும் அவர்களுடைய "எந்த முகாம்?" என்ற கேள்வியும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. தேவை ஒன்று துரத்தினால்தான் நாங்கள் ஊர் தாண்டுவோம் என்ற நம்பிக்கை அது.

அந்த நம்பிக்கைக்கு நடைமுறை முகமும் உண்டு. கும்பகோணத்தில் ஒரு லொட்ஜில் பாஸ்போட்டைப் பார்த்ததும் அறை இல்லை எண்டார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் 'சி படிவம்' நிரப்பி அரசாங்கத்துக்கு அனுப்பவேண்டும் என்பது இந்தியச் சட்டம். சின்ன லொட்ஜ்காரர் பலர் அந்தத் தலையிடிக்குப் பதிலாக "ரூம் இல்ல" எண்டு சொல்லிவிடுவார்கள். அதோடு தனிய வந்த பெண். போகிறவர்கள் சி படிவம் அனுப்புகிற இடமா என்று முதலே போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். ஆனால் அதே ஊரில் ரவுன் பஸ்ஸில் ஏறினால் பெண்களுக்குக் காசில்லை. எந்த நாடு, எந்த அட்டை என்ற கேள்வியும் இல்லை. கொன்டக்டர் ரிக்கற்றைக் கிழித்து நீட்டினார், நான் வாங்கினேன். அந்த எட்டு நாளில் என்னிடம் விளக்கம் கேட்காத ஒரே இடம் அந்த பஸ்.

அந்த பஸ்ஸில்தான் பழையாறை போனேன். கதையில் அது மாளிகைகளின் நகரம். குந்தவையும் வானதியும் இருக்கிற அரண்மனை, தோட்டம், ஓடை எல்லாம் அங்கேதான். இப்போது அங்கே வயல், வாழைத்தோட்டம், சோமநாதர் கோயில், சில வீடுகள். பக்கத்தில் ஒரு ஊருக்குப் பெயர் 'சோழன்மாளிகை'. மாளிகை போய்விட்டது, பெயர் மட்டும் பஸ் போர்ட்டில் நிற்கிறது. வானில் கூட்டமாக வந்தவர்கள் இறங்கி, "இவ்வளவுதானா" என்று கேட்டு, படம் எடுத்துவிட்டுப் பத்து நிமிசத்தில் ஏறிவிட்டார்கள். 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் படங்கள் வந்த பிறகு இந்த வான் சுற்றுலாக்கள் கூடியிருக்கின்றன. படத்தின் ஒரு பகுதியைத் தாய்லாந்தில் எடுத்தார்கள். அந்த அரண்மனைகளைத் தேடி வருகிறவர்களுக்குப் பழையாறை ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

எனக்கு அவசரமில்லை. தனிய போனதின் லாபம் அதுதான். இரண்டு மணித்தியாலம் அந்தக் கோயில் நிழலில் இருந்தேன். அப்போது வந்த யோசனை: ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்க்க எனக்குப் பழக்கம் இருக்கிறது. கோப்பாயில் பிறந்தவர்களுக்கு அது வரும். 1560இல் போர்த்துக்கேயர் நல்லூரைப் பிடித்தபோது அரசன் சங்கிலி கோப்பாய்க் கோட்டைக்குப் பின்வாங்கினான் எண்டு வரலாற்றில் இருக்கிறது. அந்தக் கோட்டை இன்றைக்கு இல்லை. அது பழைய கதை. எங்கட காலத்தில் துயிலும் இல்லம் இருந்தது. இடித்தார்கள், திரும்பக் கட்டினோம், திரும்ப இடித்தார்கள். போர் முடிந்தபின் அந்த நிலத்தில் படைத் தலைமையகம் வந்தது. இன்றைக்கும் கார்த்திகை 27இல் சனம் அதற்கு முன்னால் றோட்டோரத்தில் நின்று விளக்கேற்றுகிறது. எதுவும் மிஞ்சாத இடத்துக்கு முன்னால் நின்று, இங்கே இது இருந்தது எண்டு சொல்லத் தெரிந்த சனம் நாங்கள். "இவ்வளவுதானா" என்று எங்களால் கேட்கமுடியாது.

தஞ்சாவூரில் கதை தலைகீழானது. கதை நடக்கும்போது பெரிய கோயில் கட்டப்படவே இல்லை. அது 1010இல் முடிந்தது. அங்கே இருக்கும் அரண்மனையும் நாயக்கரும் மராட்டியரும் இருந்தது. சுந்தர சோழர் படுத்திருந்த அரண்மனையில் ஒரு கல்லும் பார்க்கக் கிடைக்காது. ஆனால் கதையில் இல்லாத கோயில் 60 மீற்றருக்கு மேல் எழுந்து நிற்கிறது. அடியிலிருந்து சுவரெல்லாம் எழுத்து. கோயிலுக்கு ஆர் என்ன கொடுத்தார், எந்த ஊரிலிருந்து எவ்வளவு வரவேண்டும் என்று ஒரு பெரிய கணக்குப் புத்தகத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கில் நாங்களும் இருக்கிறோம். ஈழமண்டலத்துக் கிராமங்களிலிருந்து நெல்லும் காசும் இலுப்பை எண்ணெயும் இந்தக் கோயிலுக்கு வரவேண்டும் எண்டு ராஜராஜன் எழுதி வைத்திருக்கிறான். இதைப் போகுமுன்னமே வாசித்திருந்தேன். ஆனால் அந்தச் சுவரின் முன்னால் நிற்கும்போது வேறு மாதிரி இருந்தது. கதையில் அருள்மொழிவர்மன் அநுராதபுரத்தில் பிக்குமார் கொடுக்க வந்த இலங்கைச் சிம்மாசனத்தை வேண்டாம் எண்டு சொன்னவன், இடிந்த விகாரைகளைத் திருத்திக் கொடுத்தவன். வரலாற்றில் அவன் அரசனான பிறகு 993 அளவில் படை வந்தது. அநுராதபுரம் அழிந்தது. பொலநறுவை 'சனநாதமங்கலம்' ஆனது. அவன் மகன் காலத்தில் 1017இல் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டான். சோழர் விகாரைகளை உடைத்துப் பொக்கிசங்களை அள்ளிக்கொண்டு போனதாகச் சூளவம்சம் சொல்கிறது. நாங்கள் ஊரடங்குக்குள் இருந்து "எங்கட அரசன்" எண்டு வாசித்த அதே ஆளை, அநுராதபுரத்தில் இருக்கும் எங்கட வயதுப் பிள்ளை நகரத்தை எரித்தவன் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கும். இரண்டு பிள்ளைகளும் இரண்டு புத்தகத்தோடு வளர்ந்து ஒரே நாட்டில் இருக்கின்றன.

இதற்காகக் கல்கியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் நாவல் எழுதினார், நன்றாக எழுதினார். நாவலை வரலாறாக வைத்துக்கொண்டு கொடி கட்டினது நாங்கள். அந்தச் சுவருக்கு முன்னால் ஒருக்கால் போய் நின்றால், பெருமையும் கணக்கும் ஒரே கல்லில் இருப்பது தெரியும். வீட்டில் இருந்து வாசித்தபோது எனக்கு அது தெரியவில்லை. அதனால்தான் கதைக்காகப் பயணம் போவது வெறும் ஆசை தீர்ப்பது மட்டும் இல்லை எண்டு சொல்கிறேன். ஆசை இல்லாட்டில் நான் அந்தச் சுவரடிக்கே போயிருக்கமாட்டேன்.

நாகபட்டினத்தில் சூடாமணி விகாரமும் இல்லை. கதையில் அருள்மொழி நோயோடு கிடந்து தேறிய இடம் அது. ஸ்ரீவிஜய அரசன் கட்டிய அந்த விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேடு ஒல்லாந்துக்குப் போனதால் 'லைடன் செப்பேடு' என்ற பெயரும் வந்தது. செப்பேட்டின்படி அது அவன் அரசனான பிறகு எழுந்த விகாரை. கல்கி அதை முன்னுக்குக் கொண்டுவந்து இளவரசனை அதில் ஒளித்து வைத்தார். அந்த ஊரில் கடைசியாக நின்ற பழைய கோபுரத்தை 1867இல் யேசுசபைக் குருமார் இடித்துவிட்டார்கள். தமிழ் அரசன் ஊர் கொடுத்த பௌத்த விகாரை எண்டால் எங்கட நாட்டில் இன்றைக்கு ஆருக்கும் நம்பக் கஷ்டம். இரண்டு பக்கத்துக்கும்.

கடைசியாகக் கோடிக்கரை. வேதாரணியத்திலிருந்து உப்பளங்களுக்கு நடுவில் போகிற பஸ். கதையில் வரும் குழகர் கோயில் இருக்கிறது. காடு இருக்கிறது, அது இப்போது வனவிலங்குச் சரணாலயம். வெளிமான்கள் றோட்டோரத்திலேயே நின்றன. சோழர் காலத்தது எண்டு சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் விழுந்துவிட்டது. பூங்குழலி தனிய படகு விட்ட கடல் மண்நிறத்தில் அமைதியாகக் கிடந்தது.

தேத்தண்ணிக் கடையில் ஒரு மீன்பிடிக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "உங்க நேவி எங்க பசங்களைப் புடிச்சு வச்சிருக்கு தெரியுமா?" எண்டார். தெரியும் அண்ணா எண்டேன். உங்கட இழுவைப் படகுகள் எங்கட ஆக்களின் வலையை அறுத்துக்கொண்டு போவதும், அடிமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்ததும் தெரியும் எண்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்கப்பா காலத்துல உங்க ரேடியோதான் இங்க கேக்கும்" எண்டார். எங்கட வீட்டில் திருச்சி கேட்டது எண்டேன். தேத்தண்ணிக் காசை அவர்தான் கொடுத்தார். பிரச்சினை தீரவில்லை, தீர்க்கிற இடமும் அது இல்லை. ஆனால் நான் நாலு பேரோடு வானில் போயிருந்தால் அவர் என்னோடு பேசியே இருக்கமாட்டார்.

கோடிக்கரையிலிருந்து கோப்பாய் நேர்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். கோப்பாயிலிருந்து அநுராதபுரம் அதன் இரண்டு மடங்குக்கு மேல். அந்தக் கரையில் நின்று பார்க்கும்போது "வெளிநாடு" என்ற சொல்லுக்கு என்ன பொருள் எண்டு யோசிக்கத் தோன்றும். பாஸ்போட்டில் முத்திரை குத்துகிற நாடு வெளிநாடு. சரி. எனக்கு மனப்பாடமாக வழி தெரிந்த ஊர் அங்கே, வழி தெரியாத ஊர் இங்கே என்பதை எந்த முத்திரை காட்டும்?

அதனால் இரண்டு விசயம் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, போங்கள். பொன்னியின் செல்வன்தான் எண்டில்லை. சின்ன வயசில் உங்களை எந்தப் புத்தகம் கட்டிப்போட்டதோ அதைத் தூக்கிக்கொண்டு அது காட்டும் ஊருக்கு, முடிந்தால் தனிய, போங்கள். ஆரும் "என்னத்துக்கு?" எண்டு கேட்டால் "பாக்க" எண்டு சொல்லுங்கள். தப்பி ஓடவும் உழைக்கவும் மட்டும் கடல் கடந்த சனம் பார்க்கவும் கடல் கடக்கத் தொடங்கினால்தான் எங்களுக்கு நிம்மதியான காலம் வந்தது எண்டு அர்த்தம்.

இரண்டாவது, அந்த வான் சுற்றுலாக்கள் எல்லாம் கோடிக்கரையோடு நின்றுவிடுகின்றன. கதை அங்கே நிற்கவில்லை. வந்தியத்தேவன் கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்து மாதோட்டம், தம்பள்ளை, அநுராதபுரம் எல்லாம் போகிறான். அந்த மிச்சப் பாதை எங்கட நாட்டில்தான் இருக்கிறது, விசாவும் தேவையில்லை. எங்கட வாசிகசாலையில் இல்லாமல் போன இரண்டாம் பாகத்தில் இருப்பது அதுதான் எண்டு கம்பஸ் காலத்தில் முழுதாக வாசித்தபோதுதான் கண்டுபிடித்தேன். அடுத்த பயணம் அதற்கு. இந்த முறை சிங்களம் கொஞ்சம் படித்துக்கொண்டு போகவேணும், அங்கேயும் மூன்று கேள்வி கேட்பார்கள்.

'சுழற்காற்று' ஆரின் வீட்டு அலுமாரியில் கிடக்குதோ தெரியேல்லை. கோப்பாயில் இதை வாசிக்கிற ஆராவது வைத்திருந்தால் திருப்பிக் கொடுங்கோ. தண்டப்பணம் கேட்கமாட்டினம்.